துண்டுக்கடியில் ஒரு மூட்டு

புதன், இரவு.

இன்று தர்மபுரியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில், மாட்டுச் சந்தையில் பேசுவதுபோல் துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசிவிட்டு வந்தேன். என் மனைவி சரசுவின் வலது மூட்டுக்காக. இரண்டு வருடமாகப் படி ஏற முடியாமல் அழுகிறாள். இனியும் தள்ளிப்போட முடியாது.

மேனேஜர் ஒரு லட்சத்துத் தொண்ணூறாயிரம் என்றார். "உள்ள வெக்கிற மூட்டுக்கு கவர்மெண்டே வெல கட்டியிருக்குன்னு பேப்பர்ல போட்டானே?" என்றேன்.

"மூட்டுக்கு மட்டும்தாங்க. ரூமு, மருந்து, டாக்டர் பீசு எல்லாம் எங்க வெலைங்க."

"கொம்புக்கு சர்க்கார் வெல, மாட்டுக்கு உங்க வெலையா?" என்று அவர் கைமேல் துண்டைப் போட்டேன். தேள் கொட்டியதுபோல் இழுத்துக்கொண்டார்.

"நல்லவேள, என் பல்லப் புடிச்சுக் காட்டாம உட்டாரு" என்றாள் சரசு.

அங்கே வந்த டாக்டரம்மா சிரித்துவிட்டார். "எங்கப்பாவும் காரிமங்கலத்துல மாடு வித்தவர்தாங்க" என்று தானே துண்டுக்குள் கையை விட்டார். லட்சத்துக்கு மேல் விரலுக்குப் பத்தாயிரம். நான் நான்கு விரலைப் பிடித்தேன். அவர் என் ஐந்தையும் பிடித்துவிட்டு, மேலும் மூன்றைப் பிடித்தார். கோபித்துக்கொண்டு போவதுபோல் எழுந்தேன்.

"போங்க. ஆனா அம்மாவால அவ்ளோ வேகமா வர முடியாதுங்களே" என்றார்.

முப்பது வருட வியாபாரத்தில் என்னை இப்படி யாரும் மடக்கியதில்லை. உட்கார்ந்துவிட்டேன்.

படிந்த விலை ஒரு லட்சத்து எழுபதாயிரம். அறை, மருந்து, பத்து நாள் நடைப்பயிற்சி எல்லாம் அதற்குள். சந்தையில் யாரிடமும் இந்த விலையைச் சொல்லக்கூடாது என்பது சரசு போட்ட கண்டிஷன்.