பெஞ்சு இருக்கும் பாதை

வரதய்யபாளையம்
ஞாயிற்றுக்கிழமை தொடங்கியது

என் மகள் சந்தியா உடம்பும் மனசும் நன்றாக இருக்க வேண்டும். இதை எழுதுவது உன் நைனா துலுக்காணம். யாரிடமும் சொல்லி எழுத வைக்கவில்லை. என் கை, என் பேனா. நம்பிக்கை இல்லாவிட்டால் எழுத்தைப் பார். இத்தனை கோணலாக இந்த ஊரில் வேறு யாராலும் எழுத முடியாது.

ஒரு வரி முடிக்க எனக்கு ஒரு டீ ஆறும் நேரம் ஆகிறது. 'ழ' எழுதும்போது நாக்கு தானாக வெளியே வந்துவிடுகிறது. அங்கன்வாடி டீச்சர் தாட்சாயணி அதைப் பார்த்துச் சிரிக்கிறாள். சிரிக்கட்டும். எழுபத்தொரு வயதில் என் பெயரை நானே எழுதி, நானே படித்து, சரியாக இருக்கிறதா என்று திரும்பவும் படிக்கிறேன். அந்தச் சந்தோஷத்தை எழுத உட்கார்ந்தால் நோட்டு தீர்ந்துவிடும். ஆனால் இது சந்தோஷக் கடிதம் இல்லை. நான் கோபமாக இருக்கிறேன். உன் மேலும் கோபம்தான். பொறுமையாகப் படி.

நீ உன் அண்ணியின் தம்பியைக் கட்டிக்கொள்ள மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் பிரான்சுக்கு விமானம் ஏறின அன்று, இனிமேல் போனில் அவள் குரல் என் காதில் விழக்கூடாது என்று தெருவில் நின்று கத்தினேன். மூன்று வருடமாக அதைக் காப்பாற்றியும் விட்டேன். நீ விடவில்லை. குரல்தானே வேண்டாம் என்றாய், எழுத்து வேண்டாம் என்று சொல்லவில்லையே நைனா என்று முதல் கடிதம் போட்டாய். உன் அண்ணன் சுரேஷ்பாபு அதைப் படித்துக் காட்டியபோது நான் சுவர்ப் பக்கம் திரும்பிச் சிரித்தேன். அவனுக்குத் தெரியாது.

அதற்குப் பிறகு வந்த கடிதங்களையும் அவன்தான் படித்தான். ரேஷன் கடையில் பட்டியல் படிப்பது போலப் படிப்பான். இந்த ஞாயிறு க்ரூஸ் ஆற்றங்கரையில் நடந்தாள். இரண்டு ஆறு சேரும் இடத்தில் இடிந்த கோட்டை பார்த்தாள். பழைய கல் பாலம் பார்த்தாள். தண்ணீரில் ஓடிய மாவு மில் பார்த்தாள். அந்தக் காலத்துப் பெண்கள் மண்டி போட்டுத் துணி துவைத்த கூரை போட்ட தொட்டி பார்த்தாள். அவ்வளவுதான், மடித்து வைத்துவிடுவான்.

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பீங்கான் மண்ணை ஆராய்ச்சி செய்யப் போனவள், வாரம் முழுக்க மண்ணைப் பார்த்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை கல்லைப் பார்க்கிறாளே, சாப்பிட்டாயா நைனா என்று ஒரு வார்த்தை இல்லையே என்று இருக்கும். கல்லப் பாக்கறதுக்கா அம்மாந்தூரம் போனா, நம்ம ஏரிக்கரையில இல்லாத கல்லா என்று கேட்பேன். அவ அப்படித்தான் நைனா, உடு என்பான்.

தீபாவளிக்கு முன்னால் வந்தது பதினோராவது கடிதம். அதில் என்ன இருக்கிறது என்று கேட்டேன். வேலை ஜாஸ்தியாம், இனிமே எழுத நேரம் இல்லையாம் என்றான். அதோடு உன் கடிதம் நின்றுவிட்டது.

நின்ற பிறகுதான் எனக்கு அது தேவைப்பட்டது. பொங்கல் வரை தபால்காரரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு உன் பதினோரு கடிதத்தையும் பிளாஸ்டிக் கவரில் போட்டுக்கொண்டு தாட்சாயணியிடம் போனேன். பெரியவர்களுக்கு அவள் நடத்தும் வகுப்பு தெலுங்கில்தான். ஆந்திராவுல பேங்க்குக்கும் ஆபீசுக்கும் தெலுங்குதான் தாத்தா உதவும், தமிழ் எதுக்கு என்றாள். எனக்கு ஆபீஸ் வேண்டாம், என் பெண் சத்தியவேட்டில் தமிழ் மீடியம் படித்தவள், அவள் எழுத்து எனக்கு வேண்டும் என்றேன். தாட்சாயணி ஊத்துக்கோட்டையில் பிறந்தவள், தமிழ் தெரியும். கொஞ்சம் திட்டிவிட்டு ஒத்துக்கொண்டாள். மற்றவர்களுக்குப் பலகை. எனக்குப் பாடப் புத்தகம் உன் கடிதம்.

நான்காவது கடிதத்தில் ஒரு வார்த்தையைக் கூட்டிக் கூட்டிப் படித்தேன். பெஞ்சு என்று வந்தது. ஆற்றங்கரையில் பெஞ்சு எதற்கு என்று மேலே படித்தேன். அந்தப் பக்கம் முடிக்க எனக்கு இரண்டு நாள் ஆனது.

நீ என்ன எழுதியிருந்தாய் என்று உனக்குத் தெரியும். ஆனாலும் நான் எழுதுகிறேன், என் கையால் எழுதிப் பார்க்க ஆசையாக இருக்கிறது. ஆற்றங்கரைப் பாதை மேடு பள்ளம் இல்லாமல் இருக்கிறது. இருநூறு அடிக்கு ஒரு பெஞ்சு. நைனா முட்டிக்கு ஒத்துவரும். கோட்டைக்கு அறுபத்திரண்டு படி, இடது பக்கம் கைப்பிடி இருக்கிறது, நின்று நின்று ஏறலாம். மில் போகும் வழி அழகு, ஆனால் பாசி வழுக்குகிறது, நைனாவுக்கு வேண்டாம். பாலத்தைத் தாண்டினால் குடிதண்ணீர்க் குழாய், பக்கத்திலேயே கக்கூஸ். கடைசி வரியில் எப்போ வர்ற நைனா.

பதினோரு கடிதத்தில் பத்தில் அந்தக் கடைசி வரி இருக்கிறது. ஒன்றைக்கூட அவன் எனக்குப் படிக்கவில்லை. நீ ஊர் சுற்றிப் பார்க்கிறாய் என்று மூன்று வருடம் திட்டினேன். நீ எனக்காக வழி பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாய்.

பதினோராவதில் அந்த வரி இல்லை. வேண்டாம்னு தெளிவா எழுதிட்ட, சரி நைனா, இனிமே பாதை பாக்க மாட்டேன் என்று இருந்தது.

நான் எப்போது வேண்டாம் என்றேன்? நான் சொல்லி எழுத வைத்த பதில்களில் கம்பளி வாங்கினாயா என்று கேட்டேன். ஆற்றில் இறங்காதே என்றேன். தனியாகப் போகாதே, காலை மாலை சோறு துன்னு என்றேன். அவன் எழுதிக்கொண்டே இருந்தான். கீழே என் கட்டைவிரலை மையில் வைத்து நானே அழுத்தினேன். என் ரேகைக்கு மேலே அவன் வேறு எதையோ சேர்த்து எழுதியிருக்கிறான். அதை நினைக்கும்போதெல்லாம் அந்த விரலைத் துடைத்துக்கொள்கிறேன்.

அவனைப் பிடித்துக் கேட்டேன். நடு வீட்டில், உன் அண்ணி சுலோச்சனா எதிரிலேயே கேட்டேன். அவன் மறைக்கவில்லை. அந்த முட்டிய வச்சிக்கினு கோட்ட ஏறுவியா, அங்க போயி வுயுந்து வச்சா யாரு உன்ன தூக்கிக்கினு வர்றது என்று கேட்டான். என் தம்பிய வேணாம்னு சொன்னவ கூப்டா நீ எந்த மூஞ்ச வச்சிக்கினு போவ என்று சுலோச்சனாவும் சேர்ந்துகொண்டாள். நான் விடவில்லை. கடைசியில் அவன், அவ உன்ன இட்டுக்கினு பூடுவா நைனா, அம்மாவும் இல்ல, அப்புறம் எனக்கு யாரு கீறாங்க என்றான்.  அதைக் கேட்டு இன்னும் அதிகமாகக் கத்தினேன்.

அன்று முதல் அவனோடு பேச்சில்லை. சாப்பாடு மட்டும் அந்த வீட்டில்தான். வெறும் வயிற்றில் சர்க்கரை மாத்திரை போடக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். கோபத்தில் சாப்பிடாமல் இருக்கும் சௌகரியம்கூட இந்த வயதில் இல்லை.

இப்போது உன் மேல் உள்ள கோபம். படித்தவள் நீ. கம்பளி வாங்கினாயா என்று கேட்கிற நைனா, வா என்று பத்துத் தடவை கூப்பிட்டும் வேண்டாம் என்று சொல்வானா? ஒரு சந்தேகம் வரவில்லையா? துலுக்காணம் அப்படிச் சொல்கிறவன்தான் என்று எப்படி நினைத்தாய்? இதை எழுதிவிட்டு ஒரு நாள் பேனாவைத் தொடவில்லை. தெருவில் நின்று கத்தினவனும் நான்தானே. நீ வேறு எப்படி நினைத்திருப்பாய்? அந்தக் கோபத்தை நான் என் மேல் வைத்துக்கொள்கிறேன்.

போன் பண்ணிவிடலாமே தாத்தா என்று தாட்சாயணி கேட்டாள். நான் பண்ணாதது சபதத்துக்காக இல்லை. உன் குரல் கேட்டால் நான் அழுதுவிடுவேன், சொல்ல வேண்டியது நின்றுபோகும். காகிதம் என்றால் கண்ணைத் துடைத்துவிட்டு மறுபடி எழுதலாம்.

போன வாரம் திருப்பதிக்குப் போய் பாஸ்போர்ட்டுக்குக் கொடுத்துவிட்டேன். தாட்சாயணி கூட வந்தாள். கையெழுத்துப் போடும் இடத்தில் நான் நிறுத்தி நிறுத்திப் போட்டேன். எனக்குப் பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். பாதியில் விட முடியுமா?

திரும்பும்போது நேராக ஊருக்கு வரவில்லை. சித்தூர் பஸ் ஏறிச் சந்திரகிரியில் இறங்கிவிட்டேன். அங்கேயும் ராஜா கட்டின கோட்டை இருக்கிறதே. உன் கோட்டைக்கு அறுபத்திரண்டு படி, இங்கே என் முட்டி என்ன சொல்கிறது பார்க்கலாம் என்று போனேன். அவ்வளவு படி ஒரே இடத்தில் இல்லை. அதனால் இருக்கிற படியிலேயே ஏறி இறங்கி, ஏறி இறங்கி அறுபத்திரண்டு ஆக்கினேன். எதற்குத் தாத்தா படியை எண்ணுகிறாய் என்று காவல்காரர் தெலுங்கில் கேட்டார். என் பெண் வீட்டுப் பக்கத்துக் கோட்டைக்கு ஒத்திகை என்றேன். பைத்தியம் என்று நினைத்திருப்பார். நான்கு தடவை உட்கார்ந்தேன். வலி இருந்தது, பொய் சொல்லவில்லை. ஆனால் ஏறினேன். இதைச் சுரேஷ்பாபுவிடம் சொல்லவில்லை, பேச்சு இல்லாததால்.

சந்தியா, பாஸ்போர்ட் வந்தாலும் நீ கூப்பிட்டுக் காகிதம் அனுப்பினால்தான் அந்த ஊருக்குள் விடுவார்கள் என்கிறாள் தாட்சாயணி. அது சரிதான். நீ கூப்பிடாமல் நான் வரக்கூடாது. எட்டு மாதமாக நீ எந்த ஆற்றங்கரையில் நடக்கிறாய், இப்போதும் எனக்காகப் பார்க்கிறாயா, விட்டுவிட்டாயா, எதுவும் எனக்குத் தெரியாது. விட்டிருந்தால் உன்னைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் இல்லை.

எங்கே இருந்தாலும் நீ நூறு வயது நன்றாக இருக்க வேண்டும், தாயே. பதில் மட்டும் போடு. எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக, ஒன்றோடு ஒன்று ஒட்டாமல் எழுது. வராதே என்று எழுதினாலும் பரவாயில்லை. அதையும் நானே படித்துக்கொள்கிறேன்.

உன் நைனா
துலுக்காணம்