அம்மாவின் பையில் இருந்த ரிப்போர்ட்

சின்ன காஞ்சிபுரம்
13.11.2005

அன்பு மகள் குழலிக்கு அப்பா தணிகாசலம் ஆசியுடன் எழுதுவது. மஸ்கட்டில் நீயும் மாப்பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று வரதராஜப் பெருமாளை நினைத்துக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன். என் உடம்பு நன்றாக இருக்கிறது என்று வழக்கம்போல் ஒரே வரியில் எழுதி முடிக்க இந்தத் தடவை முடியவில்லை, ஆனால் பயப்படாதே, இப்போது தேறிவிட்டேன். இங்கே ஐப்பசி மழை விட்டபாடில்லை. பாலாற்றில் தண்ணீர் வந்துவிட்டது, வாலாஜாபாத் பாலத்தில் நின்று பார்க்க ஜனங்கள் குடையோடு போகிறார்கள். பின்கட்டில் ஓடு ஒழுகுகிறது, மழை விட்டதும் ஆள் வைத்து மாற்றிவிடுவேன். எதிர்வீட்டு மேரியின் மகள் கிரேஸுக்கு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வேலை கிடைத்திருக்கிறது, கம்பெனி பஸ் தெருமுனைக்கே வந்து ஏற்றிக்கொண்டு போகிறது. நான் ரிடயர் ஆகி ஒன்றரை வருஷம் ஆகியும் பஸ் சத்தம் கேட்டால் கை தானாகச் சட்டைப்பையில் விசிலைத் தேடுகிறது.

போன வெள்ளிக்கிழமை போனில் நீ ஒன்று சொன்னாய். சாப்பிட்டால் நெஞ்சு எரியுதுப்பா, அம்மா மாதிரியே எனக்கும் கேஸ், ஒரு மாத்திரையைப் போட்டுக்கினு வேலைக்குப் போயிடறேன் என்று சொல்லிவிட்டுச் சிரித்தாய். அந்தச் சிரிப்பு உன் அம்மாவுடைய சிரிப்பு. நான் சரிம்மா, காரம் குறைச்சிக்கோ என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அன்றைக்கே உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் என் விஷயம். ஆடி மாசத்திலிருந்து எனக்கும் வயிற்றின் மேல்பக்கம் எரிச்சல், பசி எடுத்தாலும் வலி, சாப்பிட்டாலும் வலி. மேரிதான் விடவில்லை. அண்ணே, ஒருத்தர் போனது போதும், கெளம்புங்க என்று கையைப் பிடிக்காத குறையாக ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அங்கே சின்ன வயதுப் பெண் டாக்டர், பெயர் ஸுபத்ரா, பொறுமையாகப் பேசுகிறவர். தொண்டையில் மருந்து அடித்து ஒரு குழாயை வயிற்றுக்குள் விட்டுப் பார்த்தார்கள். உள்ளே புண் இருக்கிறது, அந்தப் புண்ணில் ஒரு கிருமி குடியிருக்கிறது என்றார். ஹெலிகோபாக்டர் பைலோரி என்று அதற்குப் பெயர், நீ டாக்டரிடம் சொல்ல வசதியாக இருக்கும் என்று எழுதி வாங்கி வந்தேன். அமிலத்திலும் சாகாமல் வருஷக்கணக்காக வயிற்றிலேயே கிடக்குமாம். கூடவே இரத்தமும் எடுத்திருந்தார்கள், அதில் கொலஸ்ட்ரால் இருநூற்று நாற்பத்தாறு. எனக்கு நம்ப முடியவில்லை. நான் ஒல்லி, எண்ணெய்ப் பண்டம் தொடுவதில்லை, முப்பது வருஷம் பஸ்ஸில் நின்றே வேலை பார்த்தவன். அதைச் சொன்னதும் அந்த டாக்டர், இந்தக் கிருமி வயிற்றில் இருக்கிறவர்களுக்குக் கெட்ட கொழுப்பு கொஞ்சம் கூடுதலாகவும் நல்ல கொழுப்பு குறைவாகவும் இருப்பதாகச் சில ஆராய்ச்சிகளில் பார்த்திருக்கிறார்கள், ஆனால் இதனால்தான் அது என்று யாரும் அடித்துச் சொல்லவில்லை, வயது, சாப்பாடு, வம்சம் எல்லாம் இருக்கிறது, அதனால் ரெண்டுக்கும் தனித்தனியாக வைத்தியம் பார்க்க வேண்டும் என்றார். அப்புறம் ஒரு கேள்வி கேட்டார். வீட்டில் வேறு யாருக்காவது இப்படி எரிச்சல், கொழுப்பு இருந்ததா, ஒரே வீட்டில் இருப்பவர்களுக்குள் இந்தக் கிருமி பரவும், சின்ன வயசிலேயே தொற்றிவிடுவதும் உண்டு என்றார். நான் என் மனைவிக்கு எரிச்சல் இருந்தது, கொழுப்பு பற்றித் தெரியாது என்றேன். தெரியாது என்று சொன்னது பொய். பக்கத்தில் நின்ற மேரி என்னையே பார்த்தாள்.

அன்று சாயங்காலம் மேரி ஒரு துணிப்பையைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். உன் அம்மா காய் வாங்கப் போகும் பச்சைப் பை. இரண்டு வருஷமாக என்னாண்ட இருக்குது, ஒங்களுக்குக் குடுக்க மனசு வரல என்றாள். உள்ளே மாற்றுப் புடவை ஒன்று, துண்டு ஒன்று, நான்காக மடித்த தாள் ஒன்று. இலவச முகாமில் அவளுக்கு இரத்தம் எடுத்த ரிப்போர்ட். கொலஸ்ட்ரால் இருநூற்று எழுபத்தொன்று, மருத்துவரைப் பார்க்கவும் என்று கீழே சிவப்பு மையில் எழுதியிருந்தது. அந்தத் தாளை நான் முன்பே பார்த்திருக்கிறேன் குழலி. அவள் முகாமிலிருந்து வந்து இன்னா எழுதியிருக்குதுன்னு பாருங்க என்று நீட்டினாள். நான் செருப்பைக் கூடக் கழற்றாமல் பார்த்துவிட்டு, இருபத்தொன்பது வருஷமா நான் சொல்றதைத்தான் டாக்டரும் எழுதிக் குடுத்திருக்காரு, உனக்குக் கொழுப்பு ஜாஸ்தியாம் என்றேன். அவளும் சிரித்தாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. நெஞ்சு எரிந்தபோதெல்லாம் ரோஸ் கலர் மருந்து ஒரு மூடி குடித்தாள், நான் வாயு என்றேன், அவளும் வாயு என்றாள்.

இனி எழுதப்போவது மேரியைத் தவிர யாருக்கும் தெரியாது. அம்மா போன அன்று ஊரில் கருட சேவைத் திருவிழா. காலையில் அவள் நன்றாக இருந்தாள், சிரித்துக்கொண்டே என்னை டூட்டிக்கு அனுப்பினாள் என்று உனக்குச் சொன்னேன். நீ விமானத்தில் வந்து இறங்கி, இந்தக் கூட்டம்தான் எங்க அம்மாவைக் கொன்னுடுச்சி, ஆட்டோவை விட்டிருந்தா பொழைச்சிருப்பாங்க என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதாய். நான் பக்கத்தில்தான் நின்றேன், ஆமாம்மா என்றேன். அதற்குப் பிறகு நீ வைகாசியில் ஊருக்கு வருவதே இல்லை. உன் கோபத்தை நான் அந்தக் கூட்டத்தின் மேலேயே விட்டு வைத்தேன். நடந்தது வேறு. அன்று காலை அஞ்சரைக்கு நான் காக்கிச் சட்டை போடும்போது அவள் வந்து, மார்ல ஒரு மாதிரி அடைக்குதுங்க, தாடை வரைக்கும் இழுக்குது, இன்னிக்கு போவாதீங்களேன், ஆஸ்பத்திரிக்குப் போயி வரலாம் என்றாள். நெற்றியெல்லாம் வேர்வை. வைகாசி வெயில், வேர்க்கத்தான் செய்யும் என்று நினைத்தேன். மருந்தை ஊற்றிக் கொடுத்து, நேத்து தின்ன புளிசாதம்தான், படுத்துக்கோ, மொத ட்ரிப் முடிச்சிட்டு எட்டு மணிக்கெல்லாம் வந்துடறேன், போவலாம் என்று சொல்லிவிட்டுப் போனேன்.

அன்று எனக்கு வாலாஜாபாத் ஸ்பெஷல் பஸ். எட்டு மணிக்குச் சரியாக ஸ்டாண்டுக்குத் திரும்பிவிட்டேன். டைம் கீப்பர், ஆளு இல்லைப்பா தணிகாசலம், இன்னொரு ட்ரிப் அடிச்சிட்டுப் போயேன் என்றார். வற்புறுத்தவில்லை, முடியாது என்றால் விட்டிருப்பார். எனக்கு அந்தத் திருவிழாக் கூட்டம் பிடிக்கும் குழலி, படிக்கட்டு வரைக்கும் ஜனம், கோவிந்தா என்று கத்திக்கொண்டு வருவார்கள், எல்லாரையும் நகர்த்தி இடம் பண்ணிக்கொண்டு போவதில் எனக்கு ஒரு பெருமை. உண்மையைச் சொன்னால் அந்த நிமிஷம் அவளை மறந்தே போனேன். பத்தரைக்கு வாலாஜாபாத் ஸ்டாண்டில் என்னைக் கூப்பிட்டு வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். வரும் வழியில் பஸ் கூட்டத்தில் நின்றுவிட்டது, இறங்கி ஓடினேன். வந்து என்ன.

எட்டு மணிக்கு எங்கள் தெருவும் ரோடும் காலியாகத்தான் இருந்தன என்று பையைக் கொடுத்த அன்று மேரி சொன்னாள். உன் அம்மா புடவை மாற்றி, தலை வாரி, அந்தப் பையை மடியில் வைத்துக்கொண்டு வாசல் பக்கம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாளாம். வா, நான் கூட்டிக்கினு போறேன் என்று மேரி இரண்டு தடவை கூப்பிட்டிருக்கிறாள். அவரு வரேன்னாரு, வந்து நான் இல்லைன்னா தேடுவாரு என்று சொல்லிவிட்டாளாம். ஒன்பதரைக்கு அவள் சாய்ந்த பிறகுதான் ஆட்டோ, அதற்குள் ஊர்வலம் ரோட்டுக்கு வந்துவிட்டது. மேரியின் மடியிலேயே போய்விட்டாள்.

இதைக் கேட்டதிலிருந்து காலை எட்டு மணிக்கு மேல் என்னால் இந்த வீட்டில் இருக்க முடிவதில்லை. வாசல் பக்கம் யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள். திரும்பிப் பார்த்தால் இல்லை, பார்க்காவிட்டால் இருக்கிறாள். புடவை சரசரக்கும், பையின் காதை மடிப்பதும் பிரிப்பதும் காதில் விழும். நாற்காலியைத் தூக்கிப் பின்கட்டில் போட்டேன், சத்தம் வாசலிலேயே இருக்கிறது. பஸ் ஸ்டாண்டில் போய்ப் பத்து மணி வரை உட்கார்ந்துவிட்டு வருகிறேன். என்மேல் கோபமாக இருந்தால்கூடத் தாங்கலாம். அவள் காத்துக்கொண்டுதான் இருக்கிறாள்.

டாக்டரிடம் இரண்டாம் முறை போனபோது அந்த ரிப்போர்ட்டைக் காட்டி, அந்தக் கிருமி அவளுக்கு என்னிடமிருந்து வந்ததா, அதனால்தான் கொழுப்பு ஏறி நெஞ்சு நின்றதா என்று கேட்டேன். யாரிடமிருந்து யாருக்கு என்று இனி யாராலும் சொல்ல முடியாது ஐயா, அவங்களுக்குக் கிருமி இருந்ததா என்றே தெரியாது, கிருமிமேல் பழியைப் போடவும் முடியாது என்றார். நான் போடத்தான் பார்த்தேன் என்பது அவருக்குப் புரிந்துவிட்டது போல. கிருமிக்குப் பதினாலு நாள் மாத்திரை, வாயெல்லாம் இரும்புக் கசப்பு, ஒரு வேளை விடாமல் முழுங்கினேன். மறுபடி பார்த்ததில் கிருமி போய்விட்டது, கொழுப்பும் இருநூற்றுப் பத்துக்கு வந்திருக்கிறது. கிருமி போனதாலா, கொழுப்பு மாத்திரையாலா என்று சொல்ல முடியாது, கொழுப்பு மாத்திரையை நிறுத்தாதீங்க என்றார்.

குழலி, உனக்கு முப்பது வயசுதான், ஆனால் நீ எங்கள் இரண்டு பேர் தட்டிலும் சாப்பிட்டு வளர்ந்தவள். இந்த வாரமே போய் அந்தக் கிருமிக்கும் பார், பன்னிரண்டு மணி நேரம் வெறும் வயிற்றோடு இருந்து கொழுப்புக்கும் இரத்தம் கொடு. அம்மா எப்படிப் போனாள் என்று அங்கே டாக்டரிடம் மறைக்காமல் சொல். மார் அடைத்து வேர்த்தால், தாடைக்கோ கைக்கோ இழுத்தால் அது கேஸ் இல்லை, யாருக்காகவும் காத்திருக்காதே. மாப்பிள்ளை வேலையில் இருந்தாலும் சரி, அடுத்த வீட்டுக்காரர் கூப்பிட்டால் அவரோடு போய்விடு. மாப்பிள்ளையும் இந்தக் கடிதத்தைப் படிக்கட்டும், எனக்கு வெட்கம் இல்லை.

பெருமாளும் தாயாரும் உங்கள் இருவரையும் நீண்ட ஆயுளோடு வைக்கட்டும். கடிதம் வந்து சேரப் பத்து நாள் ஆகும், அதற்கு அடுத்த வெள்ளிக்கிழமை உனக்கு லீவு, நான் போன் பக்கத்திலேயே இருப்பேன். கூப்பிட்டால் வாய்க்கு வந்தபடி திட்டு, அழு, பேசாமல் போனைப் பிடித்துக்கொண்டே இரு, எதுவானாலும் கேட்டுக்கொள்கிறேன். பரவாயில்லைப்பா என்று மட்டும் சொல்லிவிடாதே. அதைச் சொல்ல வேண்டியவள் நீ இல்லை.

இப்படிக்கு,
உன் அப்பா,
க. தணிகாசலம்