அம்மாவின் சொம்பில் விஷம் கலந்தவர்கள்

என் உசுரான அண்ணனுக்கு,

நீ கண்ணை மூடிய பிறகு உனக்கு எழுதும் முதல் கடிதம் இவ்வளவு கோபமாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. கோபம் உன்மேல் இல்லை. உனக்கு மரியாதை செய்கிறோம் என்று சொல்லிக்கொண்டு ஒரு கூட்டம் செய்துவைத்த காரியத்தின்மேல்.

படிக்கிற மற்றவர்களுக்கும் தெரியட்டும், முதலிலிருந்தே சொல்கிறேன். சூலூர் வீட்டு மாடியறையில் உட்கார்ந்து நீ தனியாளாகக் கம்ப்யூட்டரில் ஒரு ரோல் பிளேயிங் கேம் செய்தாய், ஆடுகிறவரே நாயகனாக நடமாடும் விளையாட்டு. காணாமல்போன தம்பியை ஊர் ஊராகத் தேடும் கதை. அதில் எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் பச்சைச் சேலை, இரண்டு பக்கமும் மூக்குத்தி போட்ட ஒரு பெண் சொம்பில் தண்ணீர் நீட்டுவாள். அச்சு அசல் நம் அம்மாதான். அதைக் குடிக்காவிட்டால் அந்த வீட்டில் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். நம் ஊரில் அப்படித்தானே? வந்தவர் தண்ணீர் குடித்த பிறகுதான் வந்த சேதியே கேட்போம். வெளியூர்ப் பசங்கள் அவசரத்தில் அதைத் தாண்டிவிட்டு, கேம் நின்றுபோச்சு என்று உனக்கு போன் போடுவார்கள். "தண்ணி குடிச்சீங்களாங்க?" என்று கேட்டுவிட்டு நீ விழுந்து விழுந்து சிரிப்பாய்.

அதை விளையாடி வளர்ந்தவர்கள் பிறகு தாங்களே கேம் செய்தார்கள். உன் ஞாபகமாக எதையாவது அதில் ஒளித்துவைத்தார்கள். ஒன்றில் பனி மூடிய கோட்டை வாசலில் ஒரு பித்தளைச் சொம்பு சும்மா இருக்கும். இன்னொன்றில் விண்கலத்துச் சமையற்காரி, "மொதல்ல தண்ணி குடிங்க" என்பாள். கண்ணில் படும் ஒவ்வொன்றையும் அம்மாவுக்குக் காட்டுவேன். அவள் பக்கத்து வீடு வரைக்கும் போய், "எம் பையன் நெனப்புல செஞ்சதுங்க" என்று பெருமை அடித்துவிட்டு வருவாள்.

போன மாதம் ஒரு பெரிய கம்பெனியின் கேம் வந்தது. அந்தத் தண்ணி அம்மாவே அதில் வருகிறாள் என்று உன் சிநேகிதர் ஒருவர் சொன்னார். ஆசையாக டிவியில் போட்டு அம்மாவைப் பக்கத்தில் உட்காரவைத்தேன். அதே பச்சைச் சேலை, அதே மூக்குத்தி, அதே சொம்பு. நாயகன் வாங்கிக் குடித்தான். வாயில் நுரை தள்ளிச் செத்தான். அவள் சிரித்தாள்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அம்மா என் பக்கம் திரும்பி, "ஏங் கண்ணு, ஊட்டுக்கு வந்தவனுக்கு நானா வெசம் வெச்சுப்போட்டேன்?" என்றாள். பொம்மைதான் என்று எத்தனை சொன்னாலும் அவள் மனசு ஆறவில்லை. இப்போதெல்லாம் யாராவது வீட்டுக்கு வந்தால், "நீயே தண்ணி குடு அம்மிணி" என்று உள்ளே போய்விடுகிறாள். இதை எங்கே போய்ச் சொல்வது?

கம்பெனிக்கு எழுதினேன். அங்கிருந்து ஒருவர் போனில் கூப்பிட்டார். "மேடம், அது ட்ரிப்யூட்டுங்க, உங்க அண்ணனுக்கு நாங்க செய்யற மரியாதை. பழைய கேம் ஆடினவங்க நம்பிக் குடிப்பாங்க இல்லைங்களா, அதுதான் சர்ப்ரைஸ். கேம் முடியறப்ப உங்க அண்ணன் பேரைப் போட்டு நன்றியும் சொல்லியிருக்கோம்."

நம்பிக் குடிப்பார்களாம்! அந்த நம்பிக்கையைச் சம்பாதித்தது யார்? நீ. அதை எடுத்து ஆளைக் கொல்வதற்கு வைத்துக்கொண்டு, உனக்கே நன்றியும் சொல்வார்களாம். விடவில்லை நான், வாய் வலிக்கச் சண்டை போட்டேன். கடைசியில் இறங்கிவந்தார். காட்சியை எடுத்துவிடுகிறோம், ஆனால் காட்சி போனால் நன்றியில் உங்கள் அண்ணன் பேரும் போய்விடும் என்றார்.

உலகம் முழுக்க விளையாடுகிற கேம், அண்ணா. உன் பேர் இவ்வளவு பெரிய இடத்தில் வந்ததே இல்லை. நாலு பேர் கண்ணில் அது படவேண்டும் என்று நீ எவ்வளவு ஏங்கினாய் என்பது எனக்குத் தெரியாதா? நீ இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாய்?

கேட்க நீ இல்லை. "ரெண்டையும் எடுத்துருங்க" என்று சொல்லிவிட்டேன். போனை வைத்த பிறகு ஓவென்று அழுதேன்.

அம்மாவிடம் தயங்கித் தயங்கித்தான் சொன்னேன், உன் பேரும் போய்விடும் என்று. அவள் அழவில்லை. "போச்சாது போ, போனாப் போகட்டும். அவனுக்கு அந்தப் பேர வெச்சது நானு. அவுங்களா வெச்சாங்க?" என்றாள்.

மாற்றிய கேம் வந்ததும் நானே உட்கார்ந்து கடைசிவரை ஆடிப்பார்ப்பேன். எந்த மூலையிலாவது அந்தச் சிரிப்பு மிச்சமிருந்தால் சும்மா விடமாட்டேன். இது உனக்குத் தரும் வாக்கு.

அம்மாவுக்குத் துணையிருக்கும்
உன் தங்கச்சி