அச்சில் வராத பாதி

2009 செப்டம்பர் 29

காலையில் மின்வெட்டு. இஸ்திரி போடமுடியாமல் நேற்றைய சட்டையிலேயே நகராட்சிக் கூட்டத்துக்குப் போனேன். குடிநீர்க் குழாய் பற்றிப் பேச வந்தவர்கள் நாற்காலி வரிசை பற்றிச் சண்டை போட்டுக்கொண்டார்கள்.

திரும்பியதும் பத்திரிகையின் சென்னை டெஸ்கிலிருந்து போன். முகாம்களில் இருக்கும் இலங்கைத் தமிழர்களுக்கு இங்கேயே நிரந்தரமாகக் குடியிருக்க உரிமை கேட்டு மாநில அரசு டில்லிக்கு எழுதப் போகிறது. அதற்கு ஊர்க்கருத்து வேண்டும். "ஆதரவு ஒண்ணு, எதிர்ப்பு ஒண்ணு, முகாம்ல இருந்து ஒண்ணு. சுருக்கமா சார்."

பத்தொன்பது வருடமாக விருத்தாசலத்தின் ஓரத்தில் ஒரு முகாம் இருக்கிறது. மூன்று பேர் பேசினால் அது முடிந்துவிடும் என்று நினைக்கிறார்கள்.

செப்டம்பர் 30

குருமூர்த்தியின் பீங்கான் கம்பெனிக்குப் போனேன். மின்கம்பத்துக்கு இன்சுலேட்டர் செய்கிறார். சோதனை அறையில் துஷாந்தி பயிற்சியில் இருக்கிறாள். முகாமில் பிறந்த பெண், இங்கேயே பீங்கான் தொழில்நுட்பம் படித்துத் தேறியவள். தீபாவளி கழித்து வேலை நிரந்தரம் என்று குருமூர்த்தி சொல்லியிருக்கிறார். அவரே ஆதரவு சொன்னார். "எனக்கு ஆளு வேணும்ண்ணே. எந்த ஊர்ல பொறந்தா எனக்கென்ன? அதுவும் இது நம்ம ஊர்ல பொறந்த புள்ள."

எதிர்ப்புக்குத் தொழிற்சங்கச் செயலாளர் கலியமூர்த்தி. பீங்கான் சூளையில் வேலை பார்ப்பவர். அவர் மகன் அர்ச்சுனனும் அதே படிப்புதான். ஒரு வருடமாக வீட்டில் இருக்கிறான்.

"அவங்க மேல எனக்குக் கோவம் இல்ல சார். சோறு போடுங்க, வூடு கட்டிக் குடுங்க. வேலைன்னு வந்தா முதல்ல இந்த ஊரு புள்ளைங்க. எந்தம்பி மலேசியாவுல விசா முடிஞ்சும் தங்குனான். புடிச்சு ஜெயில்ல வெச்சு அனுப்புனாங்க. அழுதேன். ஆனா அவங்கள தப்புன்னு சொல்லல. அவங்க ஊரு, அவங்க சட்டம்."

எதிர்த்து வாதாட வாயெடுத்தேன். என்ன சொல்வது? தனக்கு ஒரு நியாயம், பிறருக்கு ஒரு நியாயம் என்று பேசுகிறவரில்லை. அதுதான் சங்கடம்.

அக்டோபர் 1

முகாம். துஷாந்தியின் அப்பா இராசநாயகம் வெளியூரில் பெயிண்ட் வேலை செய்பவர். நேற்று 'செக்கிங்' என்பதால் ஊருக்கு வந்திருந்தார். மாதம் ஒருமுறை முகாமில் உள்ள ஒவ்வொருவரும் வருவாய் ஆய்வாளர் ஆர்.ஐ. முன்னால் நேரில் நின்று பேருக்குக் குரல் கொடுக்க வேண்டும். நிற்காதவர் பேர் முகாம் பட்டியலிலிருந்து போய்விடும். கோயம்புத்தூரில் ஏணிமேல் நின்றாலும் இறங்கி, பஸ் பிடித்து ஓடிவர வேண்டும்.

அவர் சொன்னது:

"நாங்கள் போவம் ஐயா. வவுனியாவில எங்கட காணி கிடக்குது. ஆனா பிள்ளையள் இஞ்ச பிறந்ததுகள். அதுகள் விரும்பினா இஞ்சயே இருக்கட்டும். அதுக்கு உரிமையைக் குடுங்கோ."

வழக்கம்போல் எழுதியதைப் படித்துக் காட்டினேன். இருபத்தெட்டு வருடப் பழக்கம், யாருக்கும் விலக்கில்லை. இன்னொரு தரம் படிக்கச் சொன்னார். படித்தேன். "ஓம். அப்பிடியே போடுங்கோ."

போன மாதமே தனக்கும் மகளுக்கும் சேர்த்து நாடு திரும்ப அனுமதி கேட்டிருக்கிறாராம். "அவ வரமாட்டன் எண்டு நிக்கிறா. தாயை மணிமுத்தாற்றங்கரையிலதானே எரிச்சது. ஆத்தை விட்டுட்டு வரமாட்டாவாம்." சிரிக்கப் பார்த்தார்.

அக்டோபர் 3

வந்துவிட்டது. தலைப்பு: "நாடு திரும்பவே விருப்பம்: முகாம் தமிழர்கள் உறுதி."

இராசநாயகம் பேரைப் போட்டு, "நாங்கள் போவோம். வவுனியாவில் எங்கள் நிலம் இருக்கிறது" என்று முடித்திருக்கிறார்கள். அவ்வளவுதான். மீதி எங்கே?

கலியமூர்த்தி சொன்னதிலும் சோறும் வீடும் காணோம். மலேசியாத் தம்பியும் இல்லை. வேலை கொடுக்காதே என்பது மட்டும் இருக்கிறது. இரண்டு மனிதர்களையும் பாதிப் பாதியாக அறுத்து எதிரெதிரே நிறுத்தியிருக்கிறார்கள்.

அக்டோபர் 4

டெஸ்குக்குப் போன் செய்தேன். "அவர் சொன்னதுதான சார் போட்டிருக்கு? சொல்லாதது ஒரு வார்த்தை காட்டுங்க."

காட்ட முடியாது. எல்லாம் சொன்ன வார்த்தைதான். திருத்தம் போடு என்றேன். தப்பு இருந்தால்தானே திருத்தம் என்கிறான். இவன் பிறப்பதற்கு முன்னால் நான் இந்த வேலைக்கு வந்தவன். என்னாத்துக்கு இந்தப் பொழப்பு? கத்தி என்ன பிரயோசனம், போனை வைத்துவிட்டான்.

"நீங்க எழுதுறத முழுசா படிக்கிறது இந்த வூட்டுல நான் ஒருத்திதான். அதுவும் நீங்க படிச்சுக் காட்டுறதால" என்றாள் மனைவி வளர்மதி. காப்பி ஆறிப்போயிருந்தது.

அக்டோபர் 6

பாலக்கரை டீக்கடைச் சுவரில் அந்தச் செய்தியை வெட்டி ஒட்டியிருக்கிறார்கள். பக்கத்திலேயே சங்கத்தின் நோட்டீஸ்: போகிறவர்களுக்கு வேலை எதற்கு? உள்ளூர்ப் பிள்ளைகளுக்குக் கொடு.

குருமூர்த்தி என்னைப் பார்த்ததும் மேஜையை ஒதுக்க ஆரம்பித்தார். "அவங்க அப்பாரே போறோம்னு பேப்பர்ல சொல்லிட்டாரு. நான் கத்துக்குடுத்து, அது நாளைக்கு கப்பல் ஏறிட்டா? சங்கத்தையும் பகைச்சிக்க முடியாது. அந்தப் புள்ளைய நிறுத்திட்டு கலியமூர்த்தி பையனை எடுத்துக்கிட்டேன்."

என் குறிப்பேட்டைத் திறந்து மீதியைப் படித்தேன். முழுதும் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"நோட்டுல இருக்குறத யாருண்ணே படிக்கப்போறாங்க?"

அக்டோபர் 8

துஷாந்தி வீட்டுக்கே வந்தாள். வாசலிலேயே நின்றாள். அவள் பேச்சில் வவுனியா துளிகூடக் கிடையாது.

"அப்பாவுக்கு ரெண்டு தடவ படிச்சுக் காட்டுனீங்களாம். எனக்கும் ஒருதடவ படிச்சுக் காட்டுங்க சார்."

படித்தேன்.

"நல்லாத்தான் இருக்குது. பேப்பர்ல வந்திருந்தா இன்னும் நல்லா இருந்திருக்கும். போயிட்டு வரேன் சார்."

வளர்மதி தண்ணீர் கொண்டுவருவதற்குள் தெருமுனை தாண்டிவிட்டாள்.

அக்டோபர் 11

அந்த மீதியை மட்டும் வைத்துத் தனிச் செய்தியாக எழுதி அனுப்பினேன். "ஏற்கெனவே வந்த விஷயம்" என்று திருப்பிவிட்டார்கள்.

அக்டோபர் 17

தீபாவளி. துஷாந்திக்கு வேலை நிரந்தரம் என்று சொன்ன நாள் இதற்கு அப்புறம்தான். முகாம் பக்கம் போக முகமில்லை.

நவம்பர் 10

நான்காம் நாளாக மழை. சேத்தியாத்தோப்புப் பக்கம் வயலெல்லாம் தண்ணீர். போய்ப் பார்த்து எழுதிவிட்டுத் திரும்பினேன். வழியில் இராசநாயகம் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். மழையில் பெயிண்ட் வேலை கிடையாது. நான் பேச்சை எடுப்பதற்கு முன்னால் அவரே, "நீங்கள் சரியாத்தான் எழுதினீங்கள் ஐயா. எனக்குத் தெரியும்" என்றார். அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலை.

துஷாந்தி ஜவுளிக்கடையில் துணி மடிக்கிறாளாம்.

நவம்பர் 27

கலியமூர்த்தி பாலக்கரையில் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"பையன் சிங்கப்பூர் போறான் சார். ஏஜெண்டு மூலமா. கட்டட வேலை."

குருமூர்த்தி கம்பெனி?

"ரெண்டு மாசம்கூட நிக்கல. சூளைச் சூடு ஒத்துக்கலயாம். நான் முப்பது வருசம் நின்ன சூடு." பக்கத்துச் சுவரைப் பார்த்தார். நோட்டீஸ் மழையில் ஊறித் தொங்கிக்கொண்டிருந்தது. "சிரிக்கிறீங்களா சார்?"

சிரிக்கவில்லை. சிரிக்கிற மாதிரியா இருக்கிறது? அங்கே எவனோ ஒரு சங்கத்துக்காரன் இவர் மகனைப் பார்த்து இந்த நோட்டீஸில் இருப்பதையேதான் கேட்கப்போகிறான்.

"விசா முடியிறதுக்குள்ள திரும்பிடணும்னு சொல்லியிருக்கேன்" என்றார். இன்னும் அதே மனிதர். சட்டம் சட்டம்தான்.

டிசம்பர் 2

மூன்று நாள் முன்னால் குருமூர்த்தி போன் செய்தார். "அந்தப் புள்ளைய வரச்சொல்லுங்கண்ணே. ஆர்டர் தேங்கிக் கெடக்குது." நீங்களே போய்க் கூப்பிடுங்கள் என்று வைத்துவிட்டேன். போனாராம். ஜவுளிக்கடையில் நின்று ஒரு வேட்டி எடுத்துக்கொண்டு கூப்பிட்டாராம்.

"அப்பா போயிடுவாருன்னுதான என்னை நிறுத்துனீங்க, இப்ப?" என்று கேட்டிருக்கிறாள். வேட்டிக்குப் பணத்தை எண்ணி வைத்தாராம். மறுநாளே சோதனை அறைக்குப் போய்விட்டாள்.

டிசம்பர் 14

இராசநாயகத்துக்கு அனுமதி வந்துவிட்டது. வளர்மதி போட்ட தோசையை மெதுவாகச் சாப்பிட்டுவிட்டுச் சொன்னார். "ரெண்டு பேரையும் எண்டுதான் கேட்டிருந்தன். போன மாசம் போய் அவவின்ர பேரை எடுக்கச் சொல்லிட்டன். என்ர பேர் மட்டும்தான்."

ஏன் என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டியதில்லை.

"உங்களுக்குச் சொன்னனான்தானே. ரெண்டு தரம் படிச்சுக் காட்டினீங்கள்."

போனால் திரும்பி வர முடியுமா, மகளைப் பார்க்க எந்த விசா கொடுப்பார்கள் — எதுவும் அவருக்குத் தெரியாது. இத்தனை வருடம் நிருபராக இருந்து என்ன? எனக்கும் தெரியாது.

டிசம்பர் 21

விருத்தாசலம் ஜங்ஷன். கொழும்பு விமானத்துக்குத் திருச்சி போகும் வண்டி தாமதம். இராசநாயகம் ஒரு பையும் இரண்டு பெயிண்ட் பிரஷும் எடுத்துக்கொண்டார். "அங்கயும் சுவர் இருக்குந்தானே." துஷாந்தி அவர் சட்டைக் காலரில் ஒட்டியிருந்த வெள்ளைப் பெயிண்டைச் சுரண்டிக்கொண்டே இருந்தாள். வண்டி நகர்ந்த பிறகும் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

செய்தி அனுப்பினேன். வரவில்லை.

டிசம்பர் 30

முகாமில் செக்கிங். கம்பெனியில் ஒரு மணி நேரம்தான் அனுமதி என்றதால் துஷாந்தியை என் வண்டியில் கூட்டிப்போனேன். வெயிலில் வரிசை. ஆர்.ஐ. புதியவர், முகத்தைப் பார்க்காமல் பேர் வாசித்தார்.

"இராசநாயகம்."

யாரும் குரல் கொடுக்கவில்லை. இன்னொரு தரம் வாசித்தார். பேனாவைத் திறந்தார்.

துஷாந்தி வரிசையைவிட்டு ஓரடி முன்னால் வந்தாள்.

"அப்பா போயிட்டாங்க சார். நான் இருக்கேன்."