நீர்வீழ்ச்சியில் இருந்து இறங்கிய வழி

இன்று காலை கிளினிக்குக்குப் புதிய சவர்க்காரம் வந்திருந்தது. சிவப்புக் கட்டி, ஆஸ்பத்திரி மணம். கை கழுவ அதை நனைத்தவள் அப்படியே நின்றுவிட்டேன். வாங்குப் பலகையில் இருந்த கர்ப்பிணிப் பெண் ஒருத்தி, "மிஸி, தண்ணி வீணாப் போகுது" என்றாள். குழாயைப் பூட்டினேன். மணம் மட்டும் கையைவிட்டுப் போகவில்லை.

அந்த மணம் எனக்கு மலையில் உன்னோடு இருந்த நாளின் மணம். காட்டுப் பாதையில் அட்டை ஏறாமல் இருக்க, நனைத்த சவர்க்காரத்தை முழங்கால் வரைக்கும் தேய்த்துக்கொண்டாய். பிறகு என் காலையும் இழுத்து உன் மடியில் வைத்துத் தேய்த்தாய். "அப்பா சொன்ன வைத்தியம். தேயிலைக் கொழுந்து எடுக்கப் போறவை எல்லாரும் இப்பிடித்தானாம்" என்றாய்.

நீ போய் அடுத்த மாதத்தோடு இரண்டு வருடம். உனக்கு எழுத வேண்டும் என்று எத்தனையோ தரம் கொப்பியை எடுத்து, மூடி வைத்திருக்கிறேன். அந்த நாளைப் பற்றி எழுதாமல் உனக்கு வேறு எதையும் எழுத முடியாது. அதுதான் காரணம்.

நான் கனகராயன்குளத்துக்குப் பிரசவம் பார்க்கும் மருத்துவ மாதுவாக மாற்றலாகி வந்தபோது, கிளினிக் நடந்த வளவிலேயே உன் முன்பள்ளியும் இருந்தது. தடுப்பூசி நாளில் அழுகிற பிள்ளைகளை மடியில் வைத்துக்கொள்வது உன் வேலை. அந்தப் பிள்ளைகளுக்காக என்னை "மிஸி" என்று கூப்பிடத் தொடங்கினாய். கடைசி வரைக்கும் அதுவே என் பெயராகிவிட்டது. இருவருக்கும் கல்யாணம் ஆகவில்லை. ஊர் எங்களைப் பற்றிக் கதைத்தது. நாங்கள் மத்தியானச் சாப்பாட்டை ஒன்றாகச் சாப்பிட்டோம்.

எங்கள் பக்கம் மலை இல்லை. விழுகிற தண்ணீர் என்றால் மாரியில் குளம் நிரம்பி, அணைக்கட்டுக்கு மேலால் வான் பாய்வதுதான். ஊரே அதைப் பார்க்கப் போகும். ஆள் உயரம்கூட இல்லாத அந்த விழுகையைப் பார்த்துவிட்டு நீ சிரிப்பாய். "இதுக்கோ இவ்வளவு சனம்? அப்பா இருந்தா என்ன சொல்லுவார்?"

உன் அப்பா தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். இனக்கலவரத்தில், தோட்டத்துக் குடியிருப்பான லயத்தை எரித்தபோது ஒரு மூட்டையோடு வன்னிக்கு வந்து, காடு வெட்டிக் கச்சான் கடலை போட்டவர். நாற்பது வருடம் இந்த மண்ணில் இருந்தும் அவருடைய கதை எல்லாம் லயத்துக்குப் பின்னால் கேட்ட நீர்வீழ்ச்சியைப் பற்றியதாகவே இருந்தது என்பாய். அவருடைய பேச்சிலேயே சொல்லிக் காட்டுவாய்: "அங்க தண்ணி மலையில இருந்து வராது புள்ள, வானத்துல இருந்து வரும்."

அந்த ஆவணியில் திடீரென்று ஒருநாள் வந்து, "மிஸி, நாலு நாள் லீவு போடு. அப்பான்ர தண்ணியைப் பாத்திட்டு வருவம்" என்றாய். வவுனியாவுக்குக்கூட அலுவல் இல்லாமல் போகாதவள் நீ. ஏன் இப்போது என்று நான் கேட்கவில்லை. சந்தோஷத்தில் கேட்கத் தோன்றவில்லை.

முதுகுப் பை இரண்டு வாங்கினோம். பஸ்ஸிலும் ரயிலிலும் ஒரு பகல் முழுவதும் போய், மலையூரில் பயணிகள் தங்கும் விடுதியில் இறங்கினோம். ஒரே அறையில் எட்டுப் பேருக்குத் தட்டுக் கட்டில்கள். முன்பின் தெரியாதவர்களோடு எப்படிப் படுப்பது என்று நான் தயங்க, "அகதி முகாமில இதைவிட நெருக்கமாப் படுத்தனாங்கள்தானே" என்று சொல்லிவிட்டு மேல் கட்டிலுக்கு ஏறினாய்.

அங்கேதான் லூசியாவையும் நுவனையும் சந்தித்தோம். லூசியா ஸ்பெயினில் இருந்து தனியாக வந்த பெண். நுவன் மாத்தறைப் பொடியன், வங்கியில் வேலை, லீவு கிடைத்தால் மலை ஏறுகிறவன். நாங்கள் போகிற நீர்வீழ்ச்சிக்கே அவர்களும் போவதாக இருந்தார்கள். காலையில் நால்வரும் ஒன்றாகப் புறப்பட்டோம்.

தேயிலை நிரைகளுக்கு ஊடாக ஏறி, பிறகு காட்டுக்குள் நுழைந்தது பாதை. ஈரமான கற்படிகள், வழுக்கும் வேர்கள். போரில் எறிகணை வெடித்து உன் இடது முழங்காலில் தங்கிய செல் துண்டு ஏறும்போது அவ்வளவு தொல்லை தராது, இறங்கும்போதுதான் குத்தும் என்பாய். நீ காலைச் சாய்த்து வைப்பதைக் கண்ட நுவன் உன் பையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டு, முழங்காலுக்கு என்ன என்று கேட்டான். "சின்னனில விழுந்தனான்" என்று உன் அரைகுறைச் சிங்களத்தில் சொன்னாய். அவன் மேலே கேட்கவில்லை. லூசியா ஒரு தடியை முறித்து உன் கையில் தந்தாள்.

இரண்டரை மணித்தியாலம் ஏறியிருப்போம். முதலில் சத்தம் வந்தது. கடைசி வளைவில் மரங்கள் விலக, தண்ணீர் தெரிந்தது. எவ்வளவு உயரம் என்று சொல்லத் தெரியவில்லை. உச்சியை முகில் மூடியிருந்தது. அந்த முகிலுக்குள் இருந்துதான் தண்ணீர் வந்து விழுந்தது. நீ தடியை ஊன்றிக்கொண்டு நின்றாய். முகம் எல்லாம் தூவானம். அழுகிறாயா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

"அப்பா பொய் சொல்லேல்லை, மிஸி" என்றாய்.

லூசியாவும் நுவனும் ஆழமான பக்கம் நீந்தப் போனார்கள். நாங்கள் உடுப்போடு கரையில் இறங்கி, கழுத்தளவு தண்ணீரில் சின்னப் பிள்ளைகள் மாதிரிக் கூத்தடித்தோம். நீ அப்படிச் சிரித்ததை நான் அதற்கு முன் கண்டதில்லை.

உடுப்பு மாற்ற ஒரு பெரிய பாறைக்குப் பின்னால் போனோம். துவாயைப் போர்த்திக்கொண்டு நின்ற நீ என் கையைப் பிடித்து உன் இடது மார்பில் வைத்தாய்.

"இதை ஒருக்காப் பார்."

இருபது வருடமாகப் பெண்களைச் சோதித்த கை இது. ஒரு நிமிடம்கூடத் தேவைப்படவில்லை. கல்லுப்போல ஒரு கட்டி. அசைத்தால் அசையவில்லை.

"எப்ப கண்டனி?"

"தைப்பொங்கலுக்கு முதல்."

"இப்ப ஆவணி. ஒவ்வொரு நாளும் என்னோட இருந்து சாப்பிட்டனி. ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"சொன்னா அண்டைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போயிருப்பாய்."

"வேறை என்ன செய்யிறது?"

நீ துவாயை இறுக்கிப் பிடித்துக்கொண்டாய். "உனக்குத் தெரியும்தானே. செல் பட்டண்டைக்கு உடையார்கட்டுப் பள்ளிக்கூட மேசையில கிடத்தி, மயக்க மருந்து இல்லாமல் காலைக் கிளறினவை. நாலு பேர் பிடிச்சவை. ஆஸ்பத்திரி எண்டாலே எனக்கு அந்த மேசைதான். இந்தத் தண்ணியைப் பாத்திட்டுப் போவம் எண்டு நினைச்சன். இனிச் சொல்லு, எங்க எண்டாலும் வாறன்."

அந்த இடத்தில் நான் உன்னைக் கட்டிப்பிடித்திருக்க வேண்டும். உன் பக்கத்தில் அந்தப் பாறையில் இருந்திருக்க வேண்டும். நான் செய்தது வேறு. ஈர உடுப்பைப் பைக்குள் திணித்து, பையைத் தோளில் போட்டு, ஒரு சொல்லும் சொல்லாமல் இறங்கி நடந்தேன்.

கோபம். உன் மேலா, ஏழு மாதம் ஒன்றையும் கவனிக்காத என் மேலா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. மற்றவர்களின் வீட்டுப் படலைகளை எல்லாம் தட்டி "கட்டி இருந்தா வந்து காட்டுங்கோ" என்று சொல்லித் திரிந்தவள் நான்.

பின்னால் உன் தடி கல்லில் ஊன்றுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. "அக்கே, ஹெமின், ஹெமின்" என்று, மெதுவாக வரும்படி நுவன் உனக்குச் சொல்வதும் கேட்டது. ஒரு வளைவில் நீ சறுக்கி விழுந்தாய். தடி உருண்டு போன சத்தமும், லூசியா ஓடி வந்த சத்தமும், நீ "ஒண்டுமில்லை, ஒண்டுமில்லை" என்றதும் கேட்டன. நான் நின்றேன். திரும்பவில்லை. யாரோ இரண்டு அந்நியர்கள் உன்னைத் தூக்கி நிறுத்தினார்கள்.

அடிவாரத்துத் தேநீர்க் கடையில் வந்து என் அருகே இருந்தாய். உள்ளங்கை எல்லாம் சேறும் கீறலும். "தேத்தண்ணியைக் குடி மிஸி, ஆறுது" என்றாய்.

பின்னேரம் விடைபெறும்போது நுவன் என்னைத் தனியே கூப்பிட்டான். தன் அண்ணாவும் காலைச் சாய்த்துத்தான் நடப்பார் என்றான். அவர் இராணுவத்தில் இருந்தவராம். கேட்கிறவர்களுக்கு எல்லாம் சின்ன வயதில் விழுந்ததென்றே சொல்வாராம். "அக்காவைக் கவனமாகக் கூட்டிப் போங்கள்" என்றான். இதை உன்னிடம் சொல்ல வேண்டும் என்று வைத்திருந்து, கடைசியில் சொல்லாமலே விட்டேன். இப்போது சொல்கிறேன்.

அடுத்த கிழமையே யாழ்ப்பாணத்துக்கு என்னோடு வந்தாய். ஒரு மறுப்பும் சொல்லவில்லை. சத்திரசிகிச்சை, மருந்து, தலைமுடி கொட்டியது எல்லாவற்றையும் தாங்கினாய். ஆனால் நோய் எலும்புக்குப் போய்விட்டிருந்தது. "தையிலேயே வந்திருந்தால்?" என்று நான் வைத்தியரிடம் வாசலில் வைத்துக் கேட்டேன். அவர் என் தோளைத் தொட்டுவிட்டுப் போனார்.

ஒருநாள் மருந்து ஏற்றிவிட்டு ஏ9 வீதியால் பஸ்ஸில் திரும்பும்போது, யன்னலுக்கு வெளியே பார்த்தபடி நீயே தொடங்கினாய்.

"அண்டைக்கு நீ ஒவ்வொரு வளைவிலயும் நிண்டனி. என்ர தடிச் சத்தம் கேட்ட பிறகுதான் மற்ற அடி வைச்சனி. நான் உன்ர முதுகைப் பாத்துக்கொண்டுதான் இறங்கினனான்."

"நீ விழுந்தபோது நான் திரும்பியிருக்க வேணும்."

நீ யோசித்தாய். "ஓம்," என்றாய், "திரும்பியிருக்கலாம்."

என்னை ஆற்றுவதற்காக நீ பொய் சொல்லவில்லை. அதற்குப் பிறகு தலையை என் தோளில் சாய்த்து, மாங்குளம் வரைக்கும் நித்திரை கொண்டாய். நான் அசையவில்லை. தோள் விறைத்துப் போயிற்று.

பங்குனி வெயிலில், உன் அம்மாவின் கையில், உன் வீட்டிலேயே நீ போனாய். உன்னைக் குளிப்பாட்டியவர்களில் நானும் ஒருத்தி. முழங்கால் தழும்பில் நான்தான் தண்ணீர் ஊற்றினேன்.

போன மாதம் துணுக்காயில் இருந்து ஒரு பெண் கிளினிக்குக்கு வந்தாள். மூன்று பிள்ளைகளின் தாய். மார்பில் கட்டி. "நெல்லு வெட்டி முடியட்டும் மிஸி, பிறகு போறன்" என்றாள். எனக்குக் கோபம் வந்தது. எழும்பிப் போய்விடலாம் போல இருந்தது. ஆனால் நான் இருந்த கதிரையை அவளுக்குக் கிட்ட இழுத்துப் போட்டு, "என்ன பயம் எண்டு சொல்லுங்கோ" என்றேன். அவள் நெடுநேரம் அழுதாள், பிறகு சொன்னாள். நெல்லுக்கும் அந்தப் பயத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அவள் சொல்லி முடியும் வரைக்கும் இருந்தேன்.

மூன்றாம் நாள் அவளை யாழ்ப்பாணத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அதே ஆஸ்பத்திரி, அதே நீண்ட விறாந்தை. அவள் தயங்கி நின்று, "எனக்கு இடம் தெரியாது மிஸி, நீங்கள் முன்னால போங்கோ" என்றாள்.

"நேரா நடவுங்கோ," என்றேன், "நான் பின்னால வாறன்."