ஆர்கானுக்கு அப்புறம் பொட்டாசியம்

அன்பு அண்ணி,

அன்றைக்கு நான் சொல்லாமல் விட்டது இவ்வளவுதான்: "எனக்குத் தெரியாது அண்ணி."

சிதம்பரத்தில் உங்கள் மேட்சிங் பிளவுஸ் கடை. துணி வெட்டும் மேசைமேல் தனிம அட்டவணையை விரித்து, நாலு மூலையிலும் நூல்கண்டு வைத்திருந்தீர்கள். பத்தாவதில் தேறாமல் விட்ட அறிவியலைப் பதினேழு வருஷம் கழித்து நீங்கள் எழுதப் போவது எனக்கு மட்டும்தான் தெரியும். அண்ணனுக்குக்கூடச் சொல்லவில்லை. பாஸானால் சொல்லிக்கொள்ளலாம், ஃபெயிலானால் ஊர் சிரிக்காது என்றீர்கள்.

பாடம் சொல்லித்தர ஞாயிறுதோறும் கடலூரிலிருந்து பஸ் ஏறி வந்தவள் நான். தமிழ் எம்.ஏ. ஆனாலும் பத்தாவதில் அறிவியலில் தொண்ணூற்றெட்டு. அத்தனையும் மனப்பாடம் என்பது உங்களுக்குத் தெரியாது.

கட்டத்துக்குள் இருந்த அணு எடைகளை விரலால் தொட்டுக்கொண்டே போனவர் ஓரிடத்தில் நின்றீர்கள். "மீனா, ஆர்கான் முப்பத்தொம்பது புள்ளி ஒம்பது. அடுத்து வர்ற பொட்டாசியம் முப்பத்தொம்பது புள்ளி ஒண்ணு. கொறஞ்சது ஏன் பின்னாடி வருது?"

அப்படி ஒரு கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. நானும் கேட்டுக்கொண்டதில்லை. "அச்சுப்பிழை அண்ணி" என்று சொல்லிவிட்டேன். நீங்கள் உடனே சிவப்புப் பேனா எடுத்து, இரண்டையும் இடம் மாற்றி அம்புக்குறி போட்டீர்கள். நான் தடுக்கவில்லை. டீ வந்தது, குடித்தேன். பஸ் ஏறியபிறகுதான் யோசித்தேன். தப்பான அட்டவணையோடு பரீட்சை எழுதப் போகிறீர்களே என்று தோன்றியும் போன் செய்யவில்லை. எது சரி என்று தெரிந்தால்தானே சொல்வதற்கு?

மூன்றாம் நாள் நீங்களே கூப்பிட்டீர்கள். நான் அப்போது தேவனாம்பட்டினம் கடற்கரையில் சுண்டல் தின்றுகொண்டிருந்தேன்.

"மீனா, அச்சு தப்பில்ல. நீ சொன்ன மாதிரி மாத்திட்டு மேலேருந்து கீழ படிச்சுப் பார்த்தேன். தண்ணில போட்டா வெடிக்கிற பொட்டாசியம், யாரோடயும் சேராதவுங்க வரிசைல போயி ஒக்காந்துக்குது. எதோடயும் சேராத ஆர்கான் சோடியத்துக்குக் கீழ வந்துடுது. நம்ம ரேக்குல மயில்கழுத்துக் கலருக்குக் கீழ அரக்குக் கலர் வந்தா வுடுவனா?"

உங்கள் ரேக்கை நான் எத்தனை முறை பார்த்திருப்பேன்! இடமிருந்து வலமாக வெள்ளையில் தொடங்கி நிறம் ஏறிக்கொண்டே போய்க் கறுப்பில் முடியும். அடுத்த தட்டு மறுபடி வெள்ளையில் தொடங்கும். அதனால் மேலிருந்து கீழே பார்த்தால் காட்டன், பாப்ளின், பட்டு எல்லாம் ஒரே நிறத்தில் ஒன்றின்கீழ் ஒன்றாக நிற்கும். நடுவில் கனத்த துணிக்கு அப்புறம் லேசான துணி வரும். நீங்கள் எடை பார்த்தா அடுக்கினீர்கள்?

அதையேதான் போனிலும் சொன்னீர்கள். "அவுங்களும் எடை பார்த்து அடுக்கல. வேற ஏதோ நம்பர் இருக்கு. அது என்னான்னு பாரு."

சுண்டல் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு செல்போனில் அட்டவணையைத் தேடி எடுத்தேன். ஒவ்வொரு கட்டத்தின் மூலையிலும் பொடி எழுத்தில் ஓர் எண். அணு எண், அதாவது கருவுக்குள் எத்தனை புரோட்டான் என்ற கணக்கு. ஆர்கானுக்குப் பதினெட்டு, பொட்டாசியத்துக்குப் பத்தொன்பது. எங்கேயும் ஒன்றுகூடத் தவறாமல் வரிசையாகப் போகிறது. அந்த வரிசையை ஒரே குணம் மேலிருந்து கீழாக ஒரே நிரலில் விழும்படி மடித்து மடித்து அடுக்கியிருக்கிறார்கள். தொண்ணூற்றெட்டு வாங்கியவளுக்கு அட்டவணை அன்றைக்குத்தான் புரிந்தது.

எண்ணைச் சொன்னதும் "அப்பாடா" என்றீர்கள். அச்சுப்பிழை என்று ஏன் சொன்னாய் என்று கேட்கவே இல்லை. தெரிந்தேதான் விட்டுவிட்டீர்களா அண்ணி? கேட்டிருந்தால் நான் ஒப்புக்கொண்டிருப்பேனா?

அறிவியலில் எழுபத்தொன்று வாங்கினீர்கள். அண்ணனுக்கு ரிசல்டைக் காட்டியபோது அவர் முகத்தைப் பார்த்து நாம் சிரித்த சிரிப்பு இன்னும் கேட்கிறது. நீங்கள் கண்மூடி இரண்டு வருஷமாகிறது. கடையை அண்ணன்தான் பார்க்கிறார். நிறம் தெரியாமல் திண்டாடுகிறார்; கஸ்டமர்களே எடுத்துக்கொடுத்துவிட்டுப் போகிறார்கள். ரேக் மட்டும் கலையவில்லை.

உங்கள் கயல் இப்போது பத்தாவது. போன ஞாயிற்றுக்கிழமை அலமாரியிலிருந்து அந்த அட்டவணையை எடுத்து வந்தாள். அம்புக்குறியைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "அத்தை, அம்மா இதக்கூட தப்பா போட்டிருக்காங்க பாரு. இத வச்சா பாஸானாங்க?"

பேசாமல் இருந்திருக்கலாம். டீகூட வந்துவிட்டது. ஆனால் அவள் சிரித்தது உங்களைப் பார்த்து அல்லவா?

"அது உங்கம்மா தப்பு இல்ல கயல். எனக்குத் தெரியல. தெரியாதுன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு, அச்சுப்பிழைன்னு பொய் சொன்னேன். தப்புன்னு கண்டுபுடிச்சது உங்கம்மாதான்" என்று ஆரம்பித்து ரேக், சுண்டல் வரை எல்லாம் சொன்னேன். டீ ஆறிப்போனது. அண்ணனும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

ஞாயிறுதோறும் மறுபடி வருகிறேன் அண்ணி. கயல் கேட்பதில் தெரியாததைத் தெரியாது என்று முதலில் சொல்லிவிட்டுத்தான் அவளோடு உட்கார்ந்து தேடுவேன். இது உங்களுக்குக் கொடுக்கும் வாக்கு.

கயல் அந்த அம்புக்குறிக்குக் கீழே பென்சிலால் "அத்தையின் பிழை, அம்மாவின் திருத்தம்" என்று எழுதினாள். அண்ணன் அதைச் சட்டம் போட்டு ரேக்குக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டார்.

உங்கள் நாத்தனார்,
மீனா