கொடி வைத்த காரில் உன் தங்கை

எங்கள் பள்ளிக்கூடத்தில் நேற்றிலிருந்து பெயின்ட் அடிக்கிறார்கள். ஜன்னல் கம்பிகளுக்கெல்லாம் எனாமல். தின்னர் வாசனை மாடிப்படி ஏறி ஆசிரியர் அறைக்குள் வந்துவிட்டது. மற்ற ஆசிரியர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு மரத்தடிக்குப் போனார்கள். நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன். உன் சட்டையில், உன் சைக்கிள் கைப்பிடியில், நீ பிய்த்து என் தட்டில் போட்ட பரோட்டாவில் முப்பது வருடம் இருந்த வாசனை அது. நீ போய் இரண்டு வருடமாகிறது. உனக்கு எழுத இன்றுதான் உட்கார்ந்திருக்கிறேன். ஒரு விஷயத்தை உன்னிடம் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது, மச்சான்.

முதலில் செய்தியைச் சொல்கிறேன். உன் தங்கை இலங்கைக்குத் திரும்பிவிட்டாள். அவள் கணவரைக் கொழும்புக்குத் தூதராக அனுப்பியிருக்கிறார்கள். போன வாரம் செய்தித்தாளில் படம் வந்தது. கறுப்புக் கார், முன்னால் அவள் கணவரின் குளிர்நாட்டுக் கொடி, கதவோரம் பட்டுச் சேலையில் அவள். மன்னார்ப் பக்கம் பள்ளிக்கூடங்களைப் பார்வையிடப் போகிறாளாம். 'தாய்மண் திரும்பிய மகள்' என்று தலைப்பு. கீழே ஒரு வரி: 'இந்தியாவில் உயர்கல்வி பயின்றவர்.'

உயர்கல்வி! நாலு தடவை வாசித்தேன். அந்தப் பத்திரிகைக்காரரை இழுத்து வந்து, பெரம்பலூர் அகதி முகாமில் நம் வரிசையின் பத்துக்குப் பத்து அறைகளில் ஒன்றில் ஒரு மழைக்காலம் உட்கார வைக்க வேண்டும் போலிருந்தது. பக்கத்து அறையில் நான் இருமினால் நீங்கள் இருவரும் விழித்துக்கொள்ளும் அறை அது. நடுவில் சேலையைக் கட்டித் தொங்கவிட்டு, அந்தப் பக்கம் அவள் ஆங்கிலம் படித்தாள். இந்தப் பக்கம் நீ மறுநாள் வேலைக்குப் பெயின்ட் பிரஷ் கழுவினாய். முகாம் என்ற சொல் அந்தச் செய்தியில் இல்லை. அண்ணன் என்ற சொல்லும் இல்லை.

அந்த உயர்கல்வியின் கடைசித் தேர்வு உனக்கு ஞாபகம் இருக்கும். மாதத்துக்கு ஒரு நாள் முகாமில் கணக்கெடுப்பு. குடும்ப அட்டையைப் பிடித்துக்கொண்டு அவரவர் வாசலில் வீட்டோடு நிற்க வேண்டும். ஆள் இல்லையென்றால் பெயரின் மேல் கோடு. ஒவ்வொரு மாதமும் அவளைத் திருச்சி விடுதியிலிருந்து முதல் பஸ்ஸில் கூட்டி வந்து நிறுத்திவிட்டு, அடுத்த பஸ்ஸில் திருப்பி அனுப்புவாய். அந்த மாதம் கணக்கெடுப்பும் தேர்வும் ஒரே நாளில் வந்தன. அதிகாரி பேரேட்டிலிருந்து தலையைத் தூக்கினார்.

"எங்கய்யா உன் தங்கச்சி?"

"திருச்சியில பரீட்சைங்க ஐயா. கடைசிப் பரீட்சை."

"பரீட்சை இன்னொரு வாட்டி எழுதிக்கலாம்யா. பேரு போச்சுன்னா போனதுதான்."

"அவள் எழுதட்டும் ஐயா. ரெண்டு பேருக்கும் சேர்த்து நான் நிக்கிறன்."

"நீ ஒருத்தன் நின்னா ரெண்டு ஆளா ஆயிடுவியா? சரி, நில்லு. நானும் பாக்கறேன்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். நான் சிரிக்கவில்லை. முகாம் முழுவதையும் எண்ணி முடிக்கும்வரை, நண்பகல் தாண்டியும், உன்னை வெயிலில் நிறுத்தி வைத்தார். பிறகு அவள் பெயரின் மேல் கோடு போட்டார். அந்தக் கோட்டை அழிக்க எத்தனை மாதம் அலைந்தாய்! அந்த ஆள் இப்போது ஓய்வு பெற்றிருப்பார். நன்றாக இருக்கட்டும் என்று சொல்ல எனக்கு இன்னும் மனம் வரவில்லை.

அவள் படித்தாள். சென்னையில் ஒரு தொண்டு அலுவலகத்தில் மொழிபெயர்ப்பாளராகச் சேர்ந்தாள். அங்கே வந்த வெளிநாட்டுத் தூதரக அதிகாரி ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டு, அனுமதி வாங்கி, விமானம் ஏறினாள். நீ ஏணியோடு இங்கேயே இருந்தாய். சண்டை ஓய்ந்த பிறகு ஊருக்குப் போய்ப் பார்த்துவிட்டு வர மனுக் கொடுத்தாய். போனால் திரும்பி வர முடியாது என்றார்கள். சரி, திரும்பி வராமலே போகிறேன் என்றாய். கடவுச்சீட்டு எங்கே, வந்ததற்கு முத்திரை எங்கே என்று கேட்டார்கள். தார்ப்பாயின் அடியில் வாயைப் பொத்திக்கொண்டு படகில் வந்த பையனுக்கு எந்த அலை முத்திரை குத்தும்? அந்த மனு எந்த மேசையில் செத்ததோ தெரியாது. நீ படகேறிய அதே மன்னார்க் கரையில் இன்று உன் தங்கைக்குக் குடை பிடிக்க ஆள் நிற்கிறது.

இதையெல்லாம் நான் பொறுத்திருப்பேன். உன் நுரையீரல் கெட்டு ஆஸ்பத்திரியில் கிடந்த பத்து நாளும் அவள் வரவில்லை. அதை என்னால் பொறுக்க முடியவில்லை. மருதையாற்றுக் கரையில் உனக்குக் கொள்ளி வைத்தது நான். அன்று முடிவு செய்தேன், இனி அவளோடு பேச்சில்லை என்று. அவள் அழைப்புகளை எடுக்கவில்லை. இரண்டு வருடம்.

ஞாயிற்றுக்கிழமை புது எண்ணிலிருந்து அழைப்பு. தெரியாமல் எடுத்துவிட்டேன்.

"சின்னண்ணா, நான்தான்."

"ஆர், தூதரம்மாவோ? எங்கட முகாமின்ர நம்பர் உங்களிட்டை இன்னும் இருக்கோ?"

"ஏசுங்கோ. ஆனா போனை வைக்காதேங்கோ."

வைக்கவில்லை. ஏசினேன். உயர்கல்விக்கு ஏசினேன், பட்டுச் சேலைக்கு ஏசினேன், கொள்ளிக்கு ஏசினேன். அவள் கடைசிவரை கேட்டாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"நான் டிக்கெட் போட்டனான் சின்னண்ணா. அண்ணாதான் வர வேண்டாமெண்டவர். ஆஸ்பத்திரியிலிருந்து கதைச்சவர். நீ வந்தா ஆர் இதெண்டு ஊரெல்லாம் கேக்கும், உன்ர மனுசனுக்குக் கரைச்சல் வரும் எண்டார். முகாமெண்ட சொல்லை எங்கையும் வாயிலை எடுக்காதை, எனக்கொரு தங்கச்சி எண்டதையும் நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை எண்டார். சத்தியம் வாங்கினவர்."

கட்டில் பக்கத்தில் ஸ்டூலில் நான் இருந்தேனே மச்சான். டீ வாங்கி வா என்று அடிக்கடி என்னைக் கீழே அனுப்பினாய். மூச்சு வாங்கும் மனிதனுக்கு ஏன் இத்தனை டீ என்று அன்று நான் யோசிக்கவில்லை.

அவளை ஒரு நாடே தன் கொடியோடு அனுப்பியிருக்கிறது. நீயோ, யாரோ ஒருவன் பேனாவை எடுத்து அவள் பெயரின் மேல் கோடு போட்டுவிடுவான் என்று சாகும்வரை பயந்தாய். தூதரக அதிகாரியின் மனைவி பெயரை மாதக் கணக்கெடுப்பில் அடிக்க முடியாது என்று உனக்கு எடுத்துச் சொல்ல யாருமில்லை. சொல்லியிருந்தாலும் நம்பியிருக்க மாட்டாய். முப்பது வருடம் வாசலில் நின்று நின்று, பெயர் என்றாலே அடிக்கப்படுவதற்காக எழுதி வைப்பது என்று நினைத்துவிட்டாய். இப்படி ஒரு பயத்தை ஒரு மனிதனுக்குள் இறக்கியவர்களை எந்தச் சட்டத்தில் கேட்பது?

அவள் அதோடு நிறுத்தவில்லை.

"நாளைக்கு எங்கட பழைய பள்ளிக்கூடத்திலை புதுக் கட்டடம் திறக்கினம். நானும் கதைக்க வேணும். எங்கை வளந்தனீங்கள் எண்டு பிள்ளையள் கேக்குங்கள். உண்மையைச் சொல்லட்டோ? அண்ணா இல்லை. வேற ஆரைக் கேக்கிறது?"

அவள் கேட்ட உண்மை என்னையும் குத்தியது. ஏனென்று உனக்குத் தெரியும். பெரம்பலூரில் பஸ் ஏறும்போது 'வாறன்' என்று சொல்பவன் பள்ளிக்கூடம் இருக்கும் அரியலூரில் இறங்கும்போது 'வரேன்' என்கிறேன். எனக்கு வேலை கொடுத்த நிறுவனர் ஒருவருக்குத்தான் நான் எங்கிருந்து வந்தவன் என்று தெரியும். அவரும் போய்விட்டார். கணக்கெடுப்பு நாளில் மாமியாருக்கு உடம்பு சரியில்லை என்று லீவு எழுதுவேன். போன மாதம் தலைமையாசிரியை கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்: "ஏன் சார், உங்க மாமியாருக்கு நாள் பார்த்துதான் காய்ச்சல் வருமா? கல்யாணத்துக்குக்கூட இவ்ளோ கரெக்டா நாள் குறிக்க மாட்டாங்களே!" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்று வெயிலில் நீ சிரித்த சிரிப்புதான் அது.

உன் தங்கை மறைத்ததைத்தான் நானும் இருபது வருடமாக மறைக்கிறேன். அவளாவது நீ கேட்டதற்காக மறைத்தாள்.

"சொல்லு," என்றேன். "முகாமெண்டே சொல்லு. அவன்ர பேரையும் சொல்லு."

"சத்தியம் பண்ணினனான் சின்னண்ணா."

"அதை நான் பாத்துக்கொள்ளுறன். அவனுக்கு நான் பதில் சொல்லுறன்."

நேற்று மாலை வீடியோ அனுப்பினாள். பின்வரிசையில் இருந்து யாரோ எடுத்தது. முன்னால் அதிகாரிகளின் தலைகள். எழுதி வைத்த தாளை மடித்துவிட்டு நம் ஊர்ப் பேச்சில் தொடங்கினாள். "நான் பெரம்பலூர் அகதி முகாமிலை வளந்தனான். என்ர அண்ணா பெயின்டர். அவர் ஏணியிலை நிண்டுதான் நான் படிச்சனான்." பிறகு உன் பெயரைச் சொன்னாள். முன்வரிசையில் இரண்டு தலைகள் ஒன்றையொன்று பார்த்தன. நிருபர் ஒருவர் அவசரமாக எழுதினார். இந்த முறை என்ன எழுதினாரோ பார்க்க வேண்டும்.

முன்னால் தரையில் உட்கார்ந்திருந்த ஒரு சின்னப் பெண் கையைத் தூக்கினாள். "அவரையும் கூட்டிக்கொண்டு வந்திருக்கலாம்தானே மிஸ்?"

உன் தங்கை குனிந்து அந்தப் பிள்ளையைப் பார்த்தாள். மைக் இரைந்துகொண்டிருந்தது. பிறகு சொன்னாள்: "வரக் கேட்டவர், பிள்ளை. விடேல்லை."

அவ்வளவுதான் பேசினாள். கை தட்டலாமா கூடாதா என்று தெரியாமல் கூட்டம் அப்படியே இருந்தது. வீடியோ அங்கே முடிகிறது.

உன் சத்தியம் இப்படித்தான் உடைந்தது. உடைக்கச் சொன்னது நான். அவள்மேல் வருத்தப்படாதே. என்மேலும் நீ கோபப்பட மாட்டாய் என்று தெரியும். இத்தனை காலத்தில் நீ யார் மேலாவது கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. உனக்கு வந்திருக்க வேண்டிய கோபம் முழுவதும் என்னிடம்தான் இருக்கிறது. அதை எந்த மேசையில் போய்க் காட்டுவது என்று தெரியாமல்தான் இரண்டு வருடம் உன் தங்கையிடம் காட்டிக்கொண்டிருந்தேன். இனி அவளிடம் காட்ட மாட்டேன். மற்றபடி அது கொஞ்சமும் குறையவில்லை.